அண்ணியின் டேப்பும் இரண்டு பிரிண்டர்களும்

நாற்பத்தொரு வயதிலும் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அண்ணனுக்கு ஒரே தங்கை. அண்ணி இந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாளில் அவள் பள்ளிக்கூடப் பையும் தோல் உரிந்த முழங்காலுமாக நின்றிருந்தாள். அன்றைக்கு வாயில் ஒட்டிய பெயர் நரை வந்த பிறகும் போகவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தால்தான் அவளுக்குத் தன் வயது ஞாபகம் வரும். அண்ணியைப் பார்த்தால் மறந்துபோகும்.

வேறோர் ஊரில், வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் பதினெட்டு வருஷம் இருந்தாள். ஆபீஸை மூடினார்கள். இரண்டு பைகளும் ஒரு கம்ப்யூட்டருமாக அண்ணன் வீட்டில் வந்து இறங்கி, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த நாலு நாளுக்கு இப்போது எட்டு மாதம் ஆகிறது. போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரு என்று வாய்விட்டு யாரும் சொல்லவும் இல்லையே. விருந்தாளிக்கும் வீட்டு ஆளுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது பாருங்கள், அதில் பாதியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

கீழே முன்னறை அண்ணியின் தையல்கடை. நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரோரம் இரண்டு மெஷின், மூலையில் இஸ்திரிப் பெட்டி. ஆணியெல்லாம் பழுப்புத் தாளில் வெட்டிய கை, கழுத்து, முதுகு என்று உயிரில்லாத உடம்புகளாகத் தொங்கும். மாடி அறை சின்னவளுக்கு. அங்கே அவளுடைய கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ் தூக்கிப் போட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதற்குள் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டு எழுப்பி உட்காரவைத்தது அவள்தான். அண்ணன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், இரும்புக்கு அப்பால் எதையும் நம்பாதவர். லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, அது வயிற்றை இளக்குகிற மருந்து இல்லையா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து வீட்டை நடத்துகிற அம்மா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் தங்கை. மற்ற அம்மாக்கள் காசு கேட்பார்கள், அவ்வப்போது சண்டைக்கும் வருவார்கள். இந்த அம்மா சமத்து. ஒரே ஒரு குணம், புது ஆள் யார் வந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இவர் இன்னார் என்று சொல்லிவைக்க வேண்டும். அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ஊரில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணிக்கு முப்பத்தாறு நர்ஸ் சீருடை தைக்கச் சொல்லி வந்தது. முப்பத்தாறும் முப்பத்தாறு உடம்பு. தலைமை நர்ஸ் அங்கேயே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அளந்து, பட்டியல் எழுதி அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் வரைந்து வெட்ட ஒரு மாதம் ஆகும்; ஆஸ்பத்திரி கொடுத்ததோ பதினைந்து நாள். சின்னவள்தான் வாயைத் திறந்தாள். வீட்டையே வரைந்தவளுக்குச் சட்டை வரைய வராதா, அளவைக் கொடுங்கள், கம்ப்யூட்டரில் வரைந்து தாள் தாளாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டித் தருகிறேன் என்றாள்.

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதே வாரம்தான் சின்னவளுக்கு இன்னோர் ஊரிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் பேச்செடுக்கவில்லை. அன்றைக்கு அண்ணி எடுத்தாள்.

"இந்த வேலை சரியா வந்துச்சுன்னா மேசைக்கு அந்தப் பக்கம் உன்னுது. வரலைன்னா திங்கட்கிழமை நானே பஸ் ஏத்தி விடறேன். வந்த நாலு நாளு போதும் தாயே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வதில் பாதிக்கு மேல் நிஜம் இருக்கும். சின்னவள் அளவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அந்த மேசையின் அந்தப் பக்கம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது.

முதலில் மாடியிலிருந்த பழைய பிரிண்டர். மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, வயரால் பிணைத்தது. வயரைச் செருகியதும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டது, ஆனால் யார் என்று தெரியவில்லை. நீளமாக ஒரு பட்டியலை விரித்து, இதில் எவர் என்று கேட்டது. இந்தப் பிரிண்டரின் பெயர் அதில் இல்லை. சின்னவள் யோசித்தாள். அதே கம்பெனியில், இதற்கு முந்தின வருஷம் பிறந்த அண்ணன்காரன் பெயர் பட்டியலில் இருந்தது. அண்ணனுக்குப் புரிகிற மொழி தம்பிக்குப் புரியாமலா போகும் என்று அந்தப் பெயரைக் கொடுத்தாள். பிரிண்டர் முக்கி முனகி, தாளை இழுத்து, சட்டையின் முன்பக்கத்தைத் துப்பியது.

ஒரு சட்டைக்குப் பதினெட்டுத் தாள். ஒவ்வொரு முறையும் கீழே எடுத்துக்கொண்டு ஓடி, போதாத தாளுக்கு மறுபடி மேலே ஓடி, இரண்டே நாளில் சின்னவளின் முழங்கால் விண்விண்ணென்றது. அண்ணி போய் இரண்டாவது பிரிண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இதற்கு வயரே வேண்டாம். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் போதும், மாடியிலிருந்து அனுப்பினால் கீழே அண்ணி கைக்குப் பக்கத்தில் தாள் வந்து விழும். இதைக் கம்ப்யூட்டர் தானாகவே கண்டுபிடித்தது. சின்னவள் தேடுவதற்கு முன்னாலேயே பட்டியலில் அதன் பெயர் வந்து நின்றது. பிரிண்டரின் மொழியைச் சொல்லித்தரும் டிரைவரும் கேட்கவில்லை, அண்ணன்காரன் பெயரும் கேட்கவில்லை. இவ்வளவு லேசாக வருகிற காரியத்தை ஒரு தடவை சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் தாளில், பெரிய எழுத்தில், டீ வேண்டுமா அண்ணி என்று அச்சடித்து அனுப்பினாள். கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு தட்டு தட்டினாள் அண்ணி. வேண்டும் என்று அர்த்தம். அதற்கப்புறம் இருவருக்கும் அது விளையாட்டாகிப் போனது. பட்டறையிலிருந்து மதியம் சாப்பிட வந்த அண்ணன், ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் கடிதப் போக்குவரத்து நடத்துகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்தது வினை. தலைமை நர்ஸின் அளவுக்கு ஒரு மாதிரிச் சீருடை தைத்து, சனிக்கிழமை அவர் வந்து போட்டுப் பார்ப்பது என்று பேச்சு. முன்பக்கமும் முதுகும் மாடிப் பிரிண்டரில் எடுத்தவை, கை மட்டும் கீழ்ப் பிரிண்டரில். தாள்களை ஒட்டி வைத்துப் பார்த்தால் கை தோளில் உட்காரவில்லை. அரை ஆள் கையைப் பிடுங்கி முழு ஆளுக்கு ஒட்டினது போல இருந்தது.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் சின்னவள் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாள், நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம். அளவு சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். அண்ணி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் நிறத் துணி டேப். முதல் தையல் மெஷின் வாங்கியபோது கூடவே வந்தது. அண்ணி குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும்தான் அது கழுத்தை விட்டு இறங்கும். முதல் ஏழெட்டு எண்கள் அழிந்தேபோயின. அண்ணிக்கு எண் தேவையில்லை, விரலே அளவு சொல்லும். எதை அளந்தாலும் முதலில் வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வைப்பாள். புது டேப் எத்தனையோ பேர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் துணி மூட்டை கட்டினாள்.

அண்ணி இரண்டு இழுப்பு இழுத்து அளந்தாள். கீழ்ப் பிரிண்டரின் கட்டம் மூன்றரைக்கு ஒரு நூல் கூட, அவ்வளவுதான் வந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதானே நூல், தையல்காரிக்கும் லேத்காரருக்கும் அதுவே பெரிய தூரம். மாடிப் பிரிண்டரின் கட்டம் நாலுக்கு ஒரு நூல் குறைவு.

"ரெண்டுமே திருடுது. ஒண்ணு சின்னத் திருடன், இன்னொண்ணு பெரிய திருடன்" என்றாள் அண்ணி.

சின்னவள் மாடிக்கு ஓடினாள். பெரிய திருடனை முதலில் பிடித்தாள். தானாக வந்து பட்டியலில் நின்ற பிரிண்டர், தாள் என்ன தாள் என்பதையும் தானாகவே முடிவு செய்துகொண்டிருந்தது. நாம் போடுவது ஏ-ஃபோர் தாள். அது நினைத்துக்கொண்டிருந்ததோ அதைவிடக் குட்டையான வேறொரு தாள். நீளமான படத்தைக் குட்டைத் தாளுக்குள் அடக்க வேண்டுமே என்று ஒவ்வொரு பக்கத்தையும் பவ்வியமாகச் சுருக்கிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, விருந்தாளிக்குக் கட்டில் போதாது என்று காலை மடக்கிப் படுக்கச் சொல்கிற மாதிரி. சின்னவள் தாளை ஏ-ஃபோர் என்று மாற்றினாள். பக்கத்துக்குள் அடக்கு என்ற இடத்திலிருந்த குறியை எடுத்தாள். முழு அளவு, நூற்றுக்கு நூறு என்று போட்டாள்.

அனுப்பினால் தாள் வரவில்லை. அண்ணன் எந்த மெஷினையும் தட்டினால் சரியாகும் என்று நம்புகிறவர், கீழே இருந்து இரண்டு முறை தட்டிய சத்தம் கேட்டது. தட்டினால் ஆகிற காரியமில்லை. காலையில் கரண்ட் போய் வந்ததில் வைஃபை பெட்டி எல்லோருக்கும் புது விலாசம் கொடுத்திருந்தது, கம்ப்யூட்டர் பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இனி மாறாதபடி பிரிண்டருக்கு ஒரு நிரந்தர விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, நின்றுபோயிருந்த அச்சு வரிசையை மறுபடி ஓடவிட்டாள். கீழே தாள் விழுந்தது.

இப்போது இரண்டு பிரிண்டரும் ஒரே அளவு. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தால் கோட்டின்மேல் கோடு. ஆனால் அண்ணியின் டேப்பில் இரண்டுமே நாலுக்கு ஒரு நூல் குறைவு.

வியாழன் முழுக்க அந்த ஒரு நூலோடு மல்லுக்கட்டினாள். டிரைவரை மாற்றினாள். ஓரத்து வெள்ளையைக் கூட்டினாள், குறைத்தாள். இரண்டு பிரிண்டரையும் பட்டியலிலிருந்தே நீக்கி முதலிலிருந்து சேர்த்தாள். கூடையில் தாள் குவிந்தது, நூல் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அண்ணியே படியேறி வந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு. குறைகிற நூலைக் கூட்டிப் போட்டுவிட வழி இல்லையா என்று கேட்டாள். இருக்கிறதே. நூறு என்ற இடத்தில் நூற்று மூன்று என்று போட்டால் ஆயிற்று. போட்டாள். அண்ணியின் டேப்பில் கட்டம் கச்சிதமாக நாலு.

அண்ணி அவள் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்தது, அதற்கப்புறம் இப்போதுதான். கீழே போய் அண்ணனிடம், உங்கள் தங்கை இனி எங்கேயும் போகப்போவதில்லை, அந்த ஊர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது மாடி வரைக்கும் கேட்டது.

சின்னவளுக்குச் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. அறையைப் பெருக்கினாள். கூடைத் தாள்களை அடுக்கினாள். அடுக்கும்போதுதான் கை நின்றது. மாடிப் பிரிண்டர் மையால் எழுதுவது, கீழ்ப் பிரிண்டர் பொடியால் எழுதுவது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயசு. ஒன்று வயரில் வந்தது, ஒன்று காற்றில் வந்தது. இரண்டு திருடர்கள், முன்னே பின்னே பார்த்துக்கொள்ளாதவர்கள், ஆளுக்குச் சரியாக ஒரு நூல் மட்டும் எப்படித் திருடுவார்கள்?

அடுக்கின் மேலே ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. எந்தப் பிரிண்டரும் தொடாதது. அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அண்ணி நூற்று மூன்றில் எடுத்த தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். இதன் நீளம் எவ்வளவு என்று சும்மா அளந்து சொல்லுங்கள் அண்ணி என்றாள் சின்னவள். வெடுக் வெடுக்.

"பதினொண்ணும் மூணு நூலும்" என்றாள் அண்ணி, நிமிராமலே.

பதினெட்டு வருஷம் அந்தத் தாளில் வீடு வரைந்தவள் சின்னவள். ஏ-ஃபோர் தாளின் நீளம் பதினொன்றே முக்காலுக்கு மயிரிழை குறைவு என்பது அவளுக்குத் தன் கைவிரல் மாதிரி தெரியும். தாள் பொய் சொல்லாது.

அண்ணன் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். சட்டைப் பையில் பட்டறை ஸ்டீல் ஸ்கேல், அரை நூல் தவறினால் ஆளைத் திட்டுகிற ஸ்கேல். சத்தமில்லாமல் உருவிக்கொண்டு மேலே போனாள். நூறில் எடுத்த கட்டத்தின்மேல் வைத்தாள். நாலு. மாடிப் பிரிண்டர் நாலு, கீழ்ப் பிரிண்டர் நாலு. நேற்றே இரண்டும் யோக்கியர்கள். நூற்று மூன்றில் எடுத்ததுதான் நாலைத் தாண்டி ஒரு நூல் போய் நின்றது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டேப் நீண்டுவிட்டது. இத்தனை வருஷம் இழுத்த இழுப்பில், இஸ்திரிச் சூட்டில், கழுத்து வியர்வையில் நூலிழை தளர்ந்து நீண்டு, இப்போது எதையும் குறைத்தே சொல்கிறது. ஊர்க்காரர்களுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. அவர்களை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டினதும் அதே டேப், இரண்டு பொய்யும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஆனால் நர்ஸுகளை அளந்தது ஆஸ்பத்திரி டேப். நூற்று மூன்றில் வெட்டினால் முப்பத்தாறு சீருடையும் முப்பத்தாறு பேருக்கும் தொளதொளவென்று தொங்கும்.

சொல்லாமல் இருந்தால் சீருடை வேலை கெட்டுவிடும். சொன்னால்? அண்ணியின் டேப் தப்பு என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சூரியன் மேற்கே உதித்தது என்று சொன்னால்கூடக் கேட்டுக்கொள்வாள். எட்டு மாதமாக உட்காரவைத்துச் சோறு போட்டவளிடம், அதுவும் முத்தம் வைத்த ஈரம் காய்வதற்குள், நீங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பது பொய் என்று எந்த வாயால் சொல்வது?

கம்ப்யூட்டரில் தட்டினாள். அண்ணி, டேப் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டாம். கீழ்ப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு பொத்தான், அவ்வளவுதான், அண்ணி கைக்குப் பக்கத்தில் போய் விழும், இவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விரல் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. டீ வேண்டுமா என்று கேட்பதற்கு அது சரி. எழுத்தை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அண்ணி துணியை விரித்து, தாளைக் குண்டூசியால் குத்தி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருந்தாள்.

"அண்ணி, கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழ வைங்க."

"ஏன், கரண்ட் போயிடுச்சா? இது கரண்ட்ல ஓடறது இல்ல."

"அந்த நூற்று மூணு வேண்டாம். நூறுதான் சரி. பிரிண்டர் ரெண்டும் நேத்தே சரியாத்தான் இருந்துச்சு." ஸ்கேலை நீட்டினாள். "டேப்தான் நீண்டுபோச்சு அண்ணி."

அண்ணி ஸ்கேலை வாங்கி மேசைமேல் வைத்தாள். டேப்பை உருவி அதன்மேல் படுக்கவைத்தாள். பன்னிரண்டு அங்குல ஸ்கேலின் முனையில் டேப் பதினொன்றும் ஐந்து நூலும் காட்டியது. இழுத்து வைத்தாள். தளர்த்தி வைத்தாள். திருப்பிப் போட்டு வைத்தாள். அப்புறம் மெஷின் முன்னாலிருந்த ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சின்னவள் மேசையின் இந்தப் பக்கம் நின்றாள். பஸ் நிலையம் கண்முன்னால் தெரிந்தது. அண்ணியின் தோள் குலுங்க ஆரம்பித்ததும் இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப் போய் முன்னால் குனிந்து பார்த்தால், அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு, கன்னமெல்லாம் தண்ணீர்.

"முப்பத்துமூணு இருந்தா இந்த டேப்பு முப்பத்திரண்டுன்னுதானே சொல்லும்?"

ஆமாம் என்று தலையாட்டினாள் சின்னவள்.

"அடிப்பாவி. அதான் இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் என் கடையே கதின்னு கிடக்குதா."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தபால் ஆபீஸ் அம்மா வருஷம் தவறாமல் வந்து அளவு கொடுத்துவிட்டு, வேறு எங்கே போனாலும் இடுப்பு ஏறிப்போகிறது, உங்களிடம் வந்தால்தான் அப்படியே இருக்கிறது என்று சொல்லிப் பூரித்துப் போவாராம். பேக்கரிக்காரர் மனைவி எதுவும் தைக்காமலே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து, சும்மா ஒரு தடவை அளந்து சொல்லு என்று நிற்பாராம். அளந்து அனுப்பினால் நேரே போய் ஒரு கேக் சாப்பிடுவாராம். அண்ணி இத்தனை வருஷம் அதைத் தன் கைராசி என்று நினைத்திருந்தாள்.

சத்தத்தில் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நீ முப்பத்துநாலு என்று சொன்னதை நம்பித்தானே கடையில் கால்சட்டை வாங்கினேன், ஒன்றாவது பொத்தான் போட முடிந்ததா, கம்பெனிக்காரன் துணியில் ஏமாற்றுகிறான் என்று எத்தனை கடைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று வரிசையாக எண்ண ஆரம்பித்தார். அவ்வளவுதான், சின்னவளுக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் துணி விரித்த மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கின பிறகு சின்னவளுக்கு மறுபடி பயம் வந்தது. அளவு நோட்டுகளை என்ன செய்வது என்று கேட்டாள். ஊரே அந்த நோட்டில்தான் இருந்தது, எல்லாம் நீண்ட டேப்பின் எண். ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதித் தருகிறேன் என்றாள். அண்ணி டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். முப்பத்திரண்டு என்று சொல்லி அனுப்பினவர்களைக் கூப்பிட்டு முப்பத்துமூன்று என்று சொல்ல அவளுக்கு மனசு வராதாம், பேக்கரிக்காரர் மனைவிக்கு அன்றைக்குச் சோறு இறங்காதாம். ஆஸ்பத்திரிக்கு நிஜ அளவு வேண்டும், ஊருக்கு இந்த அளவு வேண்டும். ஒவ்வொரு தடவையும் நூறா நூற்று மூன்றா என்று ஞாபகம் வைத்துக்கொண்டு மாற்ற முடியுமா, ஒரு நாள் மறந்தால் தபால் ஆபீஸ் அம்மாவுக்கு மூச்சு முட்டிவிடும். அதற்கு மட்டும் உன் லினக்ஸ் அம்மாவிடம் ஒரு வழி கேள் என்றாள்.

கேட்கவே வேண்டாம், வழி இருந்தது. ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் இரண்டு தடவை சேர்க்கலாம். கம்ப்யூட்டர் அதை இரண்டு ஆள் என்று நம்பிக்கொள்ளும். ஒரு பெயருக்கு எப்போதும் நூறு, இன்னொன்றுக்கு எப்போதும் நூற்று மூன்று என்று எழுதி வைத்துவிட்டால், பெயரைப் பார்த்து அனுப்பினால் போதும். அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் வைக்க வேண்டும், நடுவில் இடைவெளி விடக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம் என்றாள் சின்னவள். தன் டேப்பின் நூற்று மூன்றுக்கு உள்ளூர், ஆஸ்பத்திரி டேப்பின் நூறுக்கு வெளியூர் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல யோசித்து வைத்தாள் அண்ணி. கீழே இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றைப் பிரிண்டர், தனக்கு இரட்டை வாழ்க்கை வந்தது தெரியாமல் பச்சை விளக்கு எரியப் படுத்திருந்தது.

பெயர் சேர்த்து முடிந்த பிறகும் அண்ணி எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறரைக்கு என்றாள் சின்னவள்.

"அந்த நேரத்துக்கு எழுந்திரு. ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டினாதான் முப்பத்தாறும் முடியும்."

"வேலை சரியா வந்தாத்தானே அந்தப் பக்கம்னு சொன்னீங்க."

"வேலை சரியாத்தானே வந்துச்சு. டேப்புதான் தப்பு" என்றாள் அண்ணி. எழுந்து படி இறங்கப் போனவள் நின்றாள். "எனக்குப் பயந்துகிட்டுப் பேசாம இருந்திருந்தா, அப்பதான் பஸ் ஏத்தியிருப்பேன்."

வெளியூர் என்ற பெயரில் பதினெட்டுத் தாள் கீழே போய் விழுந்தது. அண்ணி வெட்டினாள், சின்னவள் இழையோட்டினாள், சாயங்காலத்துக்குள் சீருடை முடிந்தது.

சனிக்கிழமை தலைமை நர்ஸ் வந்தார். சொல்லும் அளந்து, நடையும் அளந்து வருகிற அம்மா. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார், கையைத் தூக்கினார், குனிந்தார், கட்டில்மேல் நோயாளியைப் புரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசிப் பார்த்தார். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. கை தோளில் பழகின மாதிரி உட்கார்ந்திருந்தது. மீதி முப்பத்தைந்தையும் ஆரம்பித்துவிடுங்கள் என்றார்.

போகும்போது வாசல்படியில் தயங்கினார். வந்ததுதான் வந்தேன், எனக்கென்று ஒரு வீட்டுக் கவுன் தைத்தால் என்ன என்றார். தைக்கலாமே என்று அண்ணி அவரை உள்ளே அழைத்து நிற்கவைத்து, கழுத்திலிருந்து டேப்பை உருவி, வெடுக் வெடுக்கென்று இழுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"முப்பத்தெட்டு."

தலைமை நர்ஸ் குனிந்து தன் இடுப்பையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் முப்பத்தொன்பது வந்ததே என்றார் மெதுவாக. அதுவரை அந்த முகத்தில் இல்லாத ஒன்று உதட்டோரம் எட்டிப் பார்த்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்த மாதிரி. அங்கே நின்றுகொண்டே வேலை பார்க்கிறீர்கள் இல்லையா, உடம்பு கொஞ்சம் உப்பியிருக்கும் என்றாள் அண்ணி, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

மேசைக்கு அந்தப் பக்கம் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தாள் சின்னவள். சிரிப்பு வெளியே வந்துவிடாமல் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"என்ன பார்த்துக்கிட்டு இருக்கே? எழுதிக்கோ" என்றாள் அண்ணி. "உள்ளூர், முப்பத்தெட்டு."